முதல் நாளே ஒரு சட்டத்தரணி வேண்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளிவாசல், கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், தொழிற்சங்கத் தலைவர்மார் எல்லோரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 9 வந்தால் மூதூர் ரிஸானா நபீக்கின் படம் முகநூலில் சுற்றத் தொடங்கும். 2013இல் அந்த நாளில்தான் சவூதி அரேபியாவின் தவாத்மியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. படத்தைப் பகிர்கிறோம், துஆச் செய்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அவருடைய வழக்கு எங்கே தோற்றது என்பதைப் பேசுவதில்லை.

ரிஸானா 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது வயது 17. கடவுச்சீட்டில் 23. போன சில வாரங்களில், அவர் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்றது குற்றச்சாட்டு. பொலிஸில் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தைப் பின்னர் அவர் மறுத்தார். அதை மொழிபெயர்த்தவர் தகுதியான மொழிபெயர்ப்பாளர் அல்ல என்று மேன்முறையீட்டில் வாதிடப்பட்டது. 2007 ஜூன் 16 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை அந்தப் பிள்ளைக்காகப் பேச ஒரு சட்டத்தரணிகூட இருக்கவில்லை.

மேன்முறையீட்டுக்குக் கிடைத்தது ஒரு மாதம். சட்டத்தரணிக்கான பணத்தைத் தேடிக் கொடுத்தது ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. ஆனால் வாக்குமூலம் கோப்பில் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2010இல் தண்டனை உறுதியானது. ஜனாதிபதியின் கோரிக்கை, கையெழுத்து வேட்டை, கண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகும் போயின. எதுவும் பலிக்கவில்லை.

"அது ஷரீஆத் தீர்ப்பு, நாம் பேசக்கூடாது" என்று சில சகோதரர்கள் சொல்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அலி (ரலி) அவர்களை யெமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டது போல மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றுதான் நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். மொழி தெரியாத ஒரு ஏழைப் பிள்ளையைச் சட்டத்தரணி இல்லாமல் நிறுத்திவிட்டு, மறுதரப்பையும் கேட்டோம் என்று எப்படிச் சொல்வது?

இந்தியாவில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 1997இல் டில்லியில் பஸ்ஸில் குண்டு வெடித்த வழக்கில் முகம்மது ஹுசைன் என்ற பாகிஸ்தானியருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது அவருக்குச் சட்டத்தரணி இல்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்து, சட்டத்தரணியோடு மறுபடி விசாரிக்கச் சொன்னது. மறுவிசாரணையில் 2013 ஜனவரியில் அவர் விடுதலையானார். அதே மாதம்தான் ரிஸானாவின் உயிர் போனது.

இது சவூதிக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976இல். ஆனால் கொலைக் குற்றத்துக்கு மேல் நீதிமன்றங்கள் இன்னும் மரண தண்டனை விதிக்கின்றன. 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019இல் அப்போதைய ஜனாதிபதி நால்வரின் தூக்குக்குக் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம்தான் தடுத்தது.

மேல் நீதிமன்றத்தில் வசதியில்லாத எதிரிக்கு அரச செலவில் சட்டத்தரணி நியமிக்கப்படுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் வருவது குற்றப்பத்திரம் தாக்கலான பிறகு. லயத்திலிருந்து பையனைப் பொலிஸ் கூட்டிப்போன இரவில் அவர் இல்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பையன் கையெழுத்து வைக்கும்போதும் இல்லை. அன்றைக்கு எழுதியதை வைத்துத்தான் பிறகு வழக்கு ஓடும். அந்த இரவைத் தனியாகக் கடப்பது எப்போதும் ஏழைதான். காசுள்ளவரின் சட்டத்தரணி விடிவதற்குள் பொலிஸ் வாசலில் நிற்பார்.

2012இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி பொலிஸ் நிலையத்திலேயே சட்டத்தரணி தன் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், வசதியற்றவருக்கு நீதியின் நலன் வேண்டும்போது கட்டணமின்றிச் சட்ட உதவி தரச் சொல்கிறது. தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. 1978 முதல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், நடுராத்திரியில் யாருக்கு அழைப்பது என்று மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தாய்க்குத் தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்?

அரசிடம் நாம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பாரதூரமான குற்றச்சாட்டென்றால் கைதான நாளிலிருந்தே அரச செலவில் தமிழ் தெரிந்த, அனுபவமுள்ள சட்டத்தரணி. இரண்டு, வெளிநாட்டில் மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் சிக்கும் எந்த இலங்கையருக்கும் முதல் விசாரணைக்கு முன்பே தூதரகம் சட்டத்தரணி அமர்த்த வேண்டும். டயகமவிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் இன்றும் நம் பெண்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசு நாட்டுக்கு வேண்டுமென்றால் அவர்களின் உயிருக்கும் நாடு பொறுப்பெடுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாமும் சும்மா இருக்கக்கூடாது. மையத்து வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் சேர்ந்து காசு சேர்க்கத் தெரிந்தவர்கள் நாம். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் சங்கமும் சேர்ந்து ஒரு சின்னச் சட்ட உதவி நிதி வைக்கலாம். இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு மூன்று சட்டத்தரணிமாரின் இலக்கங்களை ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதி ஒட்டலாம். வாசித்துக் காட்டாத, விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லலாம். என் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த நிதிக்கு உங்கள் தோட்டத்தில் யார் முன்வருவீர்கள்? கீழே எழுதுங்கள். ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.