நாள் மறந்த கணினி

காலையில் மேசைக் கணினியை இயக்கினால் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே நிற்கிறது. வங்கித் தளமோ, தரிசனச் சீட்டுப் பதியும் தளமோ, ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என எச்சரிக்கிறது. அன்பர்கள் பலர் இதை வைரஸ் என்று அஞ்சுவர். பெரும்பாலும் அதுவன்று. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய நாளில் நிற்கும் கணினிக்கு அச்சான்றிதழ், பின்தேதியிட்ட காசோலையைப் போலச் செல்லாததாகவே தோன்றும்.

முதலில் நாளையும் நேரத்தையும் திருத்துங்கள். அதன்பிறகும் எச்சரிக்கை வந்தால், அதை மீறிக் கடவுச்சொல்லை இடவே கூடாது.

மின்சாரத்தை நிறுத்தியதும் நாள் மீண்டும் மாறுகிறதா? உள்ளேயுள்ள வட்ட பேட்டரி ஓய்ந்துவிட்டது. இரவுதோறும் சுவர் சுவிட்சை அணைக்கும் நம் வீடுகளில் அது சற்று விரைவாகவே தீரும். கடையில் சி.ஆர். 2032 எனக் கேளுங்கள், 3 வோல்ட். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, பழையது இருந்த வாக்கிலேயே புதியதைப் பொருத்தலாம். மடிக்கணினியானால் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நன்று.

கழற்றிய பேட்டரியை மேசைமேல் வைக்காதீர்கள். பேரக்குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும்; தீர்ந்த பேட்டரியிலும் அந்த ஆபத்து உண்டு. விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தியெடுக்க வைக்க வேண்டா.