தினமும் ஊசி வேண்டாம்!

வழுக்கை விழுந்தால் உயிர் போய்விடாது. ஆனால் முப்பது வயதுக்குள் முன்நெற்றி ஏறிவிட்டால், கண்ணாடியைப் பார்க்கவே மனம் கூசுகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டில், தலை குனிந்து காபி குடிக்கவும் தயக்கமாக இருக்கிறது.

இப்படிக் கவலைப்படும் வாலிபர்கள் பலர் ஒரு சிறிய உருளையை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிலும் மெல்லிய ஊசிகள். "டெர்மா ரோலர்" என்று பெயர். தலையில் உருட்டினால் தோலில் மிகச் சிறிய காயங்கள் உண்டாகும். அந்தக் காயத்தை உடல் ஆற்றும்போது முடியின் வேரும் தூண்டப்படுகிறது என்பது டாக்டர்களின் கருத்து.

மும்பையில் சோதனை

இது வெறும் பேச்சு அல்ல. மும்பை டாக்டர்கள் 100 ஆண்களை வைத்துச் சோதனை நடத்தி, 2013-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் "மினாக்சிடில்" என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஊசி உருளையும் உருட்டினார்கள். 12 வாரம் கழித்து, குறித்து வைத்த இடத்தில் முடியை எண்ணினார்கள். மருந்து மட்டும் பூசியவர்களுக்குச் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 91!

எத்தனை நாளுக்கு ஒரு முறை உருட்டினார்கள்? வாரத்துக்கு ஒரு முறைதான். உருட்டிய பிறகு 24 மணி நேரம் மருந்துகூடப் பூசவில்லை. பின்னால் நடந்த சில சோதனைகளில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் உருட்டினார்கள்.

அவசரம் ஆகாது

"வாரம் ஒரு முறைக்கே இவ்வளவு என்றால், தினமும் உருட்டினால் காடாக வளருமே!" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இது தப்புக் கணக்கு. முடியை வளர்ப்பது ஊசி அல்ல. காயம் ஆறும் வேலைதான். ஆறாத காயத்தில் மீண்டும் மீண்டும் குத்தினால் சீழ் பிடிக்கும். தழும்பு விழுந்தால், அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்காது. உள்ளதும் போய்விடும்!

ஆகவே முதலில் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஊசியின் நீளம் எவ்வளவு என்று அவரே சொல்லட்டும். ஒருவர் உருளையை இன்னொருவர் தொடக்கூடாது.

அடுத்தது, சுவரில் தொங்கும் காலண்டர். உருட்டிய தேதியில் பேனாவால் ஒரு வட்டம். "போன வாரமா, முந்தாநாளா?" என்ற குழப்பம் வராது. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். தினமும் தடவிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நட்ட செடியைத் தினமும் பிடுங்கிப் பார்த்தால் வேர் பிடிக்குமா?