விரலில் 168, லேபில் 142

திருவனந்தபுரம் கரமனை அக்ரகாரத்தில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்க்கிறார். குளுக்கோமீட்டரில் 168. அரை மணியில் லேபுக்குப் போய்க் கையை நீட்டுகிறார். மாலையில் வரும் ரிப்போர்ட்டில் 142. 'மெஷின் பொய் சொல்கிறது' என்று அதை அலமாரிக்குள் தள்ளுகிறார். அதோடு நின்றால் பரவாயில்லை. குறைந்த எண்ணை நம்பி மாத்திரையைத் தாங்களே பாதியாக்கிக்கொள்பவர்களும் உண்டு.

கேரளத்தில் இது சில பேரின் குழப்பம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வின் தேசிய முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி கேரளத்துப் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. தேசிய அளவில் இது 11.4 சதவீதம். ஏழை முதியவர்களுக்கு 'வயோமதுரம்' திட்டத்தில் மாநில அரசே குளுக்கோமீட்டரை இலவசமாகத் தருகிறது.

எண்கள் ஒத்துப்போகாததற்கு முதல் காரணம், ரத்தமே வேறு என்பதுதான். விரல் நுனியில் வருவது தந்துகி ரத்தம்; லேப் எடுப்பது சிரை ரத்தம். சாப்பிட்ட பின் திசுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதே சிரைக்குத் திரும்புகிறது. அதனால் உணவுக்குப் பின் விரல் எண் 20 சதவீதம்கூடக் கூடுதலாக இருக்கலாம். வெறும் வயிற்றில் வித்தியாசம் சொற்பம். மேலே சொன்ன தேசிய ஆய்வே விரல் ரத்தத்தை வைத்து நடந்ததுதான். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின், சிரை ரத்தத்துக்கு வழக்கமான 200 என்ற எல்லைக்குப் பதிலாக 220 என்று வைத்துக்கொண்டார்கள். கரமனைக்காரர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: அந்த அரை மணியில் சர்க்கரையே இறங்கியிருக்கும்.

லேப் எண்ணும் வேதவாக்கு அல்ல. ட்யூபில் அடைபட்ட பிறகும் ரத்த அணுக்களுக்குப் பசி எடுக்கும். பிரித்தெடுக்காமல் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். சாம்பல் நிற மூடி போட்ட ட்யூபில் ஃப்ளோரைடு சேர்ப்பது இதைத் தடுக்கத்தான்; ஆனால் அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் பைக்கில் ஊர் சுற்றிவிட்டு லேப் சேர்ந்தால் எண் இறங்கியிருப்பதில் ஆச்சரியமில்லை.

வீட்டுத் தவறுகளும் குறைவல்ல. நேந்திரம்பழத்தை உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் அளப்பது பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான். ஸ்டிரிப் டப்பாவை மூடாமல் வைப்பது இன்னொன்று. ஜூனில் மழை தொடங்கியதும் காற்றில் ஏறும் ஈரத்துக்கு இந்த ஊரில் அறிமுகம் தேவையில்லை. ஈரம் பட்ட ஸ்டிரிப் எதை வேண்டுமானாலும் காட்டும்.

எவ்வளவு வித்தியாசம் வரலாம்? 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதிப்படி, லேப் அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதம், 100க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி. நூறில் 95 அளவுகள் இதற்குள் அடங்கினால் போதும். அதாவது லேபில் 160 என்றால் மீட்டர் 136 முதல் 184 வரை எதைக் காட்டினாலும் அது பழுதல்ல.

மீட்டரைச் சோதிக்க விரும்புபவர் அதை லேபுக்கே எடுத்துப் போக வேண்டும். வெறும் வயிற்றில், கையைக் கழுவித் துடைத்து, சிரையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். வித்தியாசம் திரும்பத் திரும்ப எல்லை மீறினால் மீட்டரையோ ஸ்டிரிப்பையோ மாற்றலாம். மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. நோய் இருக்கிறதா இல்லையா என்ற முடிவுக்கும் லேப் பரிசோதனைதான்.

ஒரு சமயத்தில் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் கூடாது. மருந்து எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, மீட்டரும் 70க்குக் கீழே காட்டினால் லேப் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.