வீதிக்கு உடையவர் வாய்க்கும் உடையவரோ?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றார்கள் நம் முன்னோர். உலைமூடி இல்லாதிருக்கலாம், உடைமைப் பத்திரம் இருக்கிறதே! "இடம் எமது. இங்கே எவர் பேசலாம், எதைப் பேசலாம் என்பதை யாமே வகுப்போம். பிடிக்காதவர் வெளியேறலாம்." இணைய மேடைகளை நடத்தும் தனியார் நிறுவனங்களின் வாதம் இது. அரசு வாயடைத்தால் அடக்குமுறை. முதலாளி வாயடைத்தால் சொத்துரிமையாம்! இவ்வாதத்தில் உண்மை எவ்வளவு, ஏமாற்று எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது பகுத்தறிவாளரின் கடமை.

வாதம் புதியதன்று. அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்திலே, மொபீல் நகரையடுத்துச் சிக்கசா என்றோர் ஊர். வீடுகள் இருந்தன, வீதிகள் இருந்தன, கடைத்தெரு இருந்தது, அஞ்சலகமும் இருந்தது. ஒன்றுதான் இல்லை: ஊர், ஊராருக்குச் சொந்தமாக இல்லை! கல்ஃப் கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே காவல் புரிந்தவருக்கு ஊதியம் அளித்ததும் அந்நிறுவனமே. எழுத்து மூலம் இசைவு பெறாத விற்பனையாளருக்கும் பிரசாரகருக்கும் இடமில்லை என்று கடைகளிலே அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது.

கிரேஸ் மார்ஷ் என்னும் பெண்மணி, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அஞ்சலகத்தருகே நடைபாதையில் நின்று சமய ஏடுகளை வழங்கினார். இசைவின்றி வழங்கலாகாது, இசைவும் கிடைக்காது என்றனர். போகச் சொன்னபோது மறுத்தார், கைதானார். அத்துமீறல் வழக்கில் அலபாமா நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்றன. 1946 ஜனவரி 7ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அந்தத் தண்டனையைத் தகர்த்தது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தன் ஆதாயத்துக்காக ஒருவன் தன் இடத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவு அகலமாகத் திறந்து விடுகிறானோ, அவ்வளவுக்கு அவனுடைய தனியுரிமை சுருங்குகிறது, மக்களின் உரிமை விரிகிறது.

அந்த அம்மையார் வழங்கிய ஏட்டில் நமக்கு ஒரு வரியும் உடன்பாடாக இருந்திராது. ஆயினும் அவருடைய வெற்றி நம் வெற்றி. நமக்குப் பிடித்த பேச்சுக்கு மட்டும் உரிமை கேட்பது உரிமை வேட்கையன்று, சலுகை வேட்டை!

ஆனால் முதலாளித்துவம் தூங்கவில்லை. தெருக்கள் தேய்ந்தன, பெரும் வணிக வளாகங்கள் எழுந்தன. 1968இல், வளாகத்துள் மறியல் செய்த தொழிற்சங்கத்தாரை அதே உச்சநீதிமன்றம் காத்தது. 1972இல், போர்ட்லாந்து நகர வளாகம் ஒன்றில் வியட்நாம் போரை எதிர்த்துத் துண்டறிக்கை வழங்கியோரைக் கைவிட்டது. 1976இல், 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பையே புதைத்தது. எட்டே ஆண்டுகளில் பேச்சுரிமை வாயிற்படிக்கு வெளியே தள்ளப்பட்டது! எனினும் கதை முடியவில்லை. கலிபோர்னியாவில் புருன்யார்டு வளாகத்தில் கையொப்பம் திரட்டிய பள்ளி மாணவர்களை விரட்டியபோது, மாநில அரசியல் சட்டம் அவர்களைக் காத்தது. அது செல்லும் என்று 1980இல் உச்சநீதிமன்றமும் ஒப்பியது. நேரம், இடம், முறை பற்றி வளாகத்தார் நியாயமான விதிகள் வகுக்கலாம், வாயையே பூட்டலாகாது!

இன்றைய கடைத்தெரு எது? கைப்பேசியின் திரை! அந்த வீதிக்கு உரிமையாளர் விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனத்தார். எதை வைப்பது, எதை நீக்குவது என்று தெரிந்தெடுப்பதும் ஒருவகைப் பேச்சே என்று 2024 ஜூலை 1ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மையோர் கருத்துரைத்தனர். அரசு அந்தத் தெரிவில் தலையிட்டால் நாளை ஆளுங்கட்சியே பதிப்பாசிரியராகிவிடும் என்ற அச்சம் மெய்யானது. அதை நாம் மறுக்கவில்லை.

விதியே வேண்டாம் என்போர் கட்சியும் நம் கட்சியன்று. தலைவரில்லாக் கூட்டத்தில் வெல்வது கருத்தா? கூச்சல்! சாதிப் பெயர் சொல்லி இழிவுசெய்வதும், பெண்ணொருத்தி எழுதினால் ஆபாசம் பொழிவதும், கொல்வேன் என்று மிரட்டுவதும் வாதங்கள் அல்ல. பிறர் வாதத்தைக் கொல்லும் ஆயுதங்கள். அவற்றை அகற்றும் நெறியாளர் பேச்சுரிமையின் பகைவரல்லர், காவலர். பத்துப்பேர் கூடும் படிப்பகம், "இங்கே இலக்கியம் மட்டும்" என்று வரம்பு கட்டினால் அதுவும் நியாயமே. அடுத்த தெருவில் இன்னொரு படிப்பகம் உண்டு. கோடிக்கணக்கானோரை வருக வருக என்றழைத்து, அவர்கள் கூட்டத்தைக் காட்டி விளம்பரப் பணம் ஈட்டுவோர், "இது எம் வீட்டுத் திண்ணை" என்று கூறுவதுதான் ஏமாற்று!

பின் நாம் கேட்பது என்ன? நான்கே நான்கு. விதி எழுதப்பட்டு எல்லாரும் காண வேண்டும். நீக்கினால் காரணம் கூற வேண்டும். நீக்கியவர் அல்லாத இன்னொருவரிடம் முறையிட வழி வேண்டும். வலியவர்க்கும் எளியவர்க்கும் விதி ஒன்றாக வேண்டும். எதைப் பதிப்பது என்று அரசு ஆணையிடாமலே இவற்றைப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டம், நீக்கத்துக்குக் காரணம் காட்டவும் முறையீட்டைக் கேட்கவும் மேடைகளைக் கடமைப்படுத்தியிருக்கிறது. ஆங்கே முடிந்தது பிற நாடுகளில் ஏன் முடியாது?

இளைஞர்களே! இந்த அளவுகோலை முதலாளிக்கு மட்டும் நீட்டினால் போதாது. நாம் நடத்தும் மன்றங்களிலும் வைத்து அளக்க வேண்டும். பக்தர் ஒருவர் வந்து, "கடவுள் இல்லையென்பதற்கு என்ன சான்று?" என்று கேட்பாராயின், அவரை நீக்குவது விடையாகாது. வசைபாடுவோரை வெளியேற்றுங்கள், வினவுவோரை அமரவைத்து விடையளியுங்கள். அவர் வினாவைத் தாங்காத கொள்கை நம் கொள்கையாக இருத்தல் இயலாது!