களத்தில் போட்டி, கடையில் ஏகபோகம்

அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களுக்கு 2004 ஒரு பொற்காலம். ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து ஆடப்படும் அந்த விளையாட்டின் தேசிய லீக்கான என்எஃப்எல்லை மையமாக வைத்து அந்த ஆண்டு இரண்டு பெரிய வீடியோ கேம்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இஏ) நிறுவனத்தின் ‘மேடன் என்எஃப்எல் 2005’; விலை சுமார் 50 டாலர். மற்றொன்று, விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்கி சேகா வெளியிட்ட ‘இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5’. விலை 20 டாலர்தான். தரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே விமர்சகர்கள் மதிப்பிட்டார்கள். வேறு வழியின்றி இஏ தன் விலையை சுமார் 30 டாலருக்கு இறக்கியது. போட்டி இருந்தால் ரசிகருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால், ஆண்டு முடிவதற்குள் போட்டியே முடிந்துபோனது. டிசம்பர் 13 அன்று, என்எஃப்எல்லின் அணிகளையும் வீரர்களையும் கேமில் பயன்படுத்தும் உரிமையை வேறு யாருக்கும் இல்லாமல் தனக்கு மட்டும் என்று இஏ ஐந்தாண்டுகளுக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த மாதமே இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் பெயரையும் 15 ஆண்டுகளுக்கு வாங்கியது. என்எஃப்எல் 2கே வரிசை அத்தோடு நின்றது. அடுத்த ஆண்டின் மேடன் மறுபடியும் 50 டாலருக்கு வந்தது. அந்த ஒப்பந்தம் அதன் பிறகு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது, 2020இல்கூட நீட்டிக்கப்பட்டது.

தொழில்முறை விளையாட்டு லீக்குகளும் வீரர் சங்கங்களும் கேம் உரிமத்தை ஒரே நிறுவனத்துக்கு விற்கும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும். அவை தாமாக விடாவிட்டால் போட்டிச் சட்டம் தலையிட வேண்டும். சாதாரண வணிகத்தில் ஒரு பெயர் ஒருவருக்கு மட்டும் போவதால் பெரிய கேடு விளைவதில்லை. அந்தப் பெயர் கிடைக்காதவர் வேறொரு பெயரில் சரக்கை நன்றாகச் செய்து சந்தைக்கு வரலாம். விளையாட்டில் அது நடக்காது. ரசிகருக்கு வேண்டியது அவருடைய அணி, அதன் சீருடை, அதில் இன்று ஆடும் வீரர்கள். இதற்கு மாற்று கிடையாது என்பதை 2கே ஸ்போர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் 2007இல் பட்டுத் தெரிந்துகொண்டது. என்எஃப்எல் உரிமம் இல்லாத நிலையில், ஜான் எல்வே, ஜெர்ரி ரைஸ், பேரி சாண்டர்ஸ் என ஓய்வுபெற்ற ஜாம்பவான்கள் 200க்கும் மேற்பட்டோரை ஒப்பந்தம் செய்து ‘ஆல்-ப்ரோ ஃபுட்பால் 2கே8’ என்ற கேமைக் கொண்டுவந்தது. வீரர்கள் உண்மை, அணிகள் கற்பனை. ஆட்ட நுட்பத்தில் குறை சொல்ல முடியாத அந்தக் கேமுக்கு இரண்டாம் பதிப்பே வரவில்லை. லீக் விற்கிற உரிமம் என்பது வெறும் அலங்காரம் அல்ல, சந்தைக்குள் நுழைவதற்கான ஒரே வாசல். அதை ஒருவருக்கு விற்பது மற்றவர்களுக்கு அடைப்பதுதான்.

கால்பந்தில் இந்த வழக்கம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 2019இல் வெளியான ‘ஃபிஃபா 20’ சாட்சி. இத்தாலியின் யுவென்டஸ் கிளப் அப்போது ஜப்பானின் கொனாமியோடு பிரத்யேக ஒப்பந்தம் செய்துகொண்டதால், இஏவின் ஃபிஃபாவில் யுவென்டஸ் என்ற பெயரே இல்லை. அதன் இடத்தில் ‘பியெமான்ட்டே கால்சியோ’ என்று ஓர் அணி. கிறிஸ்டியானோ ரொனால்டோ தன் சொந்த முகத்தோடும் பெயரோடும் ஆடுகிறார். நெஞ்சில் இருக்கும் சின்னம் மட்டும் உலகில் இல்லாத ஒரு கிளப்பின் சின்னம். கொனாமியின் கேம்களில் இதே கதை மறுபுறமாக நடந்தது: லிவர்பூல் ‘மெர்சிசைட் ரெட்’ ஆனது, செல்சி ‘லண்டன் எஃப்சி’ ஆனது. இரண்டு நிறுவனங்களும் காசு கொடுத்து எதிராளியின் கேமைக் குறைப்படுத்தின. யாருடைய கேமும் இதனால் மேம்படவில்லை. முழுமையான கால்பந்து உலகம் வேண்டும் என்று எந்தக் கேமை வாங்கினாலும் ரசிகருக்குக் கிடைத்தது ஓட்டை விழுந்த உலகம்தான்.

ஒளிபரப்பு உரிமையோடு ஒப்பிட்டு இதை நியாயப்படுத்துவோர் உண்டு. பிரீமியர் லீக் ஆட்டங்கள் அனைத்தையும் ஒரே ஒளிபரப்பாளர் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் வற்புறுத்தி, 2007 முதல் உரிமைகள் பிரித்து விற்கப்பட்டன. விளைவு, எல்லா ஆட்டத்தையும் பார்க்க விரும்பிய ரசிகர் இரண்டு சந்தா கட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஏகபோகத்தை உடைத்தால் செலவுதான் கூடும் என்கிறார்கள். வாதம் வலுவானதுபோலத் தோன்றினாலும் அடிப்படையில் பிழையானது. அங்கே உரிமை துண்டு போடப்பட்டதே தவிர, பகிரப்படவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒளிபரப்பாளரிடம்தான் இருந்தது. கேம் உரிமத்தைத் துண்டு போடத் தேவையே இல்லை. ஒரே அணியின் சின்னம் இரண்டு கேம்களில் இருப்பதால் சின்னம் தேயாது. முழு உரிமத்தையும் இருவருக்கும் கொடுக்கலாம். ரசிகர் விருப்பமானதை ஒரு முறை காசு கொடுத்து வாங்குவார். 2004 வரை அமெரிக்காவில் நடந்தது அதுதான். அப்படியிருக்க ‘உனக்கு மட்டும்’ என்ற சொல்லுக்கு நிறுவனங்கள் ஏன் பெரும் தொகை தருகின்றன? போட்டியாளர் இல்லாத நிலைக்குத்தான் அந்த விலை. பேருந்து நிலைய வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஏலத்தொகையை வண்டி விடுகிறவரிடம்தான் வசூலிப்பார், இங்கும் அப்படித்தான்.

அந்த வசூல் கேமின் விலையோடு நிற்பதில்லை. இஏ தன் விளையாட்டுக் கேம்களில் புகுத்திய ‘அல்டிமேட் டீம்’ என்ற முறையில், எந்த வீரர் வருவார் என்று தெரியாத சீட்டுக்கட்டுகளை ரசிகர்கள் உண்மைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். 2021 நிதியாண்டில் அதிலிருந்து மட்டும் இஏவுக்குக் கிடைத்தது சுமார் 162 கோடி டாலர்; மொத்த வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. இதே கேமை இந்தச் சீட்டு வியாபாரம் இல்லாமல் தரும் போட்டியாளர் ஒருவர் இருந்தால், ரசிகர் அந்தப் பக்கம் போயிருப்பார். அமெரிக்க ஃபுட்பாலில் அப்படி ஒருவர் வர முடியாதபடி வாசல் சாத்தப்பட்டிருக்கிறது.

பெயரும் சின்னமும் லீக்கின் சொத்து, சொந்தக்காரர் விரும்பியவருக்கு விற்கலாம் என்பது அடுத்த மறுப்பு. ஆனால் யார் அந்தச் சொந்தக்காரர்? என்எஃப்எல் என்பது 32 தனித்தனி அணிகள். 2000இல் அந்த அணிகள் சேர்ந்து தொப்பி முதலியவற்றுக்கான உரிமையை ரீபாக் நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தபோது, உரிமம் இழந்த ‘அமெரிக்கன் நீடில்’ என்ற தொப்பி நிறுவனம் வழக்கு தொடுத்தது. நாங்கள் அனைவரும் ஒரே நிறுவனம், எங்களுக்குள் சதி இருக்க முடியாது என்றது லீக். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் ஒருமனதாக அதை நிராகரித்தது. ஒப்பந்தம் சட்டவிரோதம் என்று அது சொல்லவில்லை. ஆனால், தங்கள் சின்னங்களைச் சந்தைப்படுத்தும் விஷயத்தில் அந்த அணிகள் தனித்தனி வணிகர்களே, அவர்களின் கூட்டு முடிவு போட்டிச் சட்டத்தின் சோதனைக்கு உட்பட்டது என்றது. தனி மனிதரின் சொத்துரிமை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது. 32 வணிகர்கள் ஒன்றுகூடி ஒரே வியாபாரிக்கு மட்டும் சரக்கு தருவோம் என்று முடிவெடுப்பதை எந்தச் சந்தையிலும் நாம் இயல்பாக ஏற்பதில்லை.

நிச்சயமான உரிமம் இருந்தால்தான் நிறுவனம் முதலீடு செய்யும், தரம் உயரும் என்றும் சொல்கிறார்கள். பேஸ்பால் இதற்குப் பதில் சொல்கிறது. 2005இல் டேக்-டூ நிறுவனம் பேஸ்பால் உரிமத்தைப் பிரத்யேகமாகப் பெற்றதால் இஏவின் பாராட்டப்பட்ட ‘எம்விபி பேஸ்பால்’ நின்றது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு இருந்தது: கேம் கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் கருவிக்குச் சொந்தமாகக் கேம் உருவாக்கலாம். அந்த வழியாக வந்த சோனியின் ‘எம்எல்பி தி ஷோ’தான் இன்றுவரை நிற்கிறது. பிரத்யேக உரிமம் கையில் இருந்த டேக்-டூவின் வரிசை 2013இல் முடிந்தது. பாதுகாப்பு கிடைத்தவர் தேய்ந்தார், போட்டியிட வேண்டியிருந்தவர் வளர்ந்தார்.

உரிமம் திறந்திருந்தாலும் கடைசியில் ஒருவர்தானே மிஞ்சுகிறார் என்று கூடைப்பந்தைக் காட்டுவோருக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பல நிறுவனங்களுக்கு உரிமம் தந்தது. இருந்தும் 2018க்குப் பிறகு இஏவின் ‘என்பிஏ லைவ்’ புதிய பதிப்போடு வரவில்லை. களத்தில் தனியே நிற்கும் ‘என்பிஏ 2கே’யும் கேமுக்குள் பணம் பறிக்கிறது என்ற புகாருக்கு ஆளாகிறது. ஆனால் அந்த இடத்தை அது எப்படிப் பிடித்தது என்று பார்க்க வேண்டும். 1999இல் அது வந்தபோது சந்தை இஏவின் கையில் இருந்தது. அதை உருவாக்கியது விஷுவல் கான்செப்ட்ஸ். ஃபுட்பாலில் வெளியே தள்ளப்பட்ட அதே நிறுவனம். வாசல் திறந்திருந்த கூடைப்பந்தில் அது இஏவை ஆட்டத்தாலேயே வென்றது. வென்று பெற்ற முதலிடத்தை நாளை இன்னொருவர் வென்று பறிக்கலாம். ஒப்பந்தத்தால் பெற்ற முதலிடத்தை யாரும் பறிக்க முடியாது.

தற்காலிகத் தடைகள் போதாது என்பதையும் அனுபவம் காட்டுகிறது. விலை உயர்வை எதிர்த்து நுகர்வோர் 2008இல் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு, 2.7 கோடி டாலர் இழப்பீட்டோடு சமரசமானது. கல்லூரி ஃபுட்பால் உரிமம் 2014இல் முடிந்த பிறகு ஐந்தாண்டுகளுக்குப் பிரத்யேக ஒப்பந்தம் போடுவதில்லை என்று இஏ ஒப்புக்கொண்டது. என்எஃப்எல் ஒப்பந்தத்தை அந்தச் சமரசம் தொடவே இல்லை. அந்த ஐந்தாண்டுகளிலோ, மாணவ வீரர்களின் உருவத்தை ஊதியமின்றிப் பயன்படுத்தியது குறித்த வேறு வழக்குகளால் கல்லூரி ஃபுட்பால் கேமே வெளிவரவில்லை. தடைக்காலம் முடிந்ததும், 2021இல், அந்த உரிமத்தை இஏ மீண்டும் பிரத்யேகமாகவே பெற்றது.

எனவே தேவைப்படுவது நிரந்தர விதி. லீக் தன் பெயரின் மதிப்பைக் காக்கத் தரக் கட்டுப்பாடு விதிக்கட்டும், நியாயமான கட்டணம் கேட்கட்டும். அந்தக் கட்டணத்தைக் கட்டி அந்தத் தரத்தை எட்டும் எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது. இந்தியாவுக்கும் இது அந்நியமான சிந்தனை அல்ல. ஐபிஎல் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில், வேறு போட்டி லீக்கை அனுமதிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்ததற்காக கிரிக்கெட் வாரியத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானபோதும் 2017இல் அதே தொகையை மீண்டும் விதித்தது. கிரிக்கெட் கேம் சந்தை இங்கு இன்னும் முழுதாக உருவாகவில்லை. அது உருவாகும்போது ஐபிஎல் அணிகளையும் இந்திய வீரர்களையும் ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்காமல் இருக்கும் வாய்ப்பு வாரியத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்க ரசிகர்கள் 2004க்குப் பிறகு இழந்ததை இந்திய ரசிகர்கள் இழக்காமல் இருக்க, அந்த விதியை ஒப்பந்தங்கள் எழுதப்படும் முன்பே வகுத்துவிட வேண்டும்.