பூட்டைத் திற! நம்ம வண்டியின் கணக்கை நமக்குக் காட்டு!

விவசாயப் பெருங்குடி மக்களே! வண்டி ஓட்டும் சகோதரர்களே!

தக்காளியும் முருங்கையும் கத்தரியும் ஏற்றிக்கொண்டு ராப்பகல் பாராமல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடுகிற நம்ம டீசல் லோடு வண்டிகளைப் பற்றிய நோட்டீஸ் இது. படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கொடுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வண்டிதான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புகை குறையட்டும், நல்லதுதான். அந்தப் புகையைக் குடிப்பது நம்ம பிள்ளைகள்தானே! அதில் நமக்கு மறுப்பே இல்லை. ஆனால் வண்டியோடு சேர்த்து ஒரு பூட்டையும் நம்ம தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டைப் பற்றித்தான் பேசுகிறோம்.

முன்பெல்லாம் வண்டி மக்கர் பண்ணினால் நம்மூர் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்பார். "டீசல் லைன்ல காத்து வாங்குதுண்ணே" என்பார். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பும். இன்றைக்கு? டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியுது. பிக்கப் விழுந்துபோகுது. "ஏனுங்க, என்ன கோளாறு?" என்று போனில் கேட்டால், "சென்டருக்குக் கொண்டு வாங்க, ஸ்கேனர் போட்டுத்தான் சொல்ல முடியும்" என்கிறார்கள். அங்கே மூணு நாள் வரிசை. லோடு தக்காளி அழுகுது. பைனான்ஸ்காரர் டியூ கேட்கிறார். கடைசியில் "சென்சார் மாத்தினோம்" என்று ஒரு பில். எந்த சென்சார், ஏன் மாற்றினார்கள், பழசு எங்கே? கேட்டால் பதில் கிடையாது.

அந்த ஸ்கேனரில் என்ன மந்திரமா இருக்கு? ஒரு மந்திரமும் இல்லை!

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். 16 பின் உள்ள ஒரு பிளக் இருக்கும். அதற்குப் பெயர் ஓ.பி.டி. போர்ட். இன்ஜினில் உள்ள சென்சார்கள் சொல்வதையெல்லாம் ஈ.சி.எம். என்கிற பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறது. தண்ணீர்ச் சூடு, உள்ளே போகும் காற்று, டீசல் பிரஷர், சைலன்சர் சூடு, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு, யூரியாத் தண்ணி ஊற்றும் வண்டியாக இருந்தால் அதன் அளவு, எல்லாம் அதற்குத் தெரியும். கோளாறு வந்தால் ஒரு நம்பர் போட்டுக் குறித்து வைக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் என்ன ஆர்.பி.எம்.மில் ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்பதையும் ஒரு போட்டோ மாதிரி பிடித்து வைக்கும். இது நம்ம வண்டி எழுதும் டைரி. கடன் வாங்கி வண்டி எடுத்தவன் நான். டைரியைப் படிப்பவன் மட்டும் கம்பெனிக்காரனா?

ஒன்றை மறக்காதீர்கள். இந்த போர்ட் கம்பெனி போட்ட பிச்சை அல்ல. புகையைக் கண்காணிக்க அரசாங்கம் கட்டாயப்படுத்தி வைக்கச் சொன்னது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும் ஒரே மாதிரி போர்ட் கட்டாயமானது. புகை சம்பந்தமான ரிப்பேர் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று அங்கே 1990-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள்.

சின்ன வண்டிகளின் போர்ட்டில் மாட்டி, செல்போனில் பார்க்கிற புளூடூத் கருவி சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதை வைத்து என்ன பார்க்கலாம்?

காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர்ச் சூடும் காற்றுச் சூடும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால்? ஒட்டன்சத்திரத்தில் பனியா கொட்டுது? பெரும்பாலும் அந்த சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கும், அல்லது பிளக் கழன்றிருக்கும். எலி கடித்த ஒயருக்குப் புது சென்சார் பில் எதற்கு?

பி0087 என்று நம்பர் வந்தால் டீசல் பிரஷர் போதவில்லை என்று அர்த்தம். பம்ப் போச்சு என்று அர்த்தமில்லை! ஃபில்டர் அடைத்திருக்கலாம், லைனில் காற்று வாங்கலாம், இன்ஜெக்டர் கசியலாம், சென்சாரே பொய் சொல்லலாம். முதலில் ஃபில்டரைப் பார்ப்பவன் மெக்கானிக். முதலிலேயே பம்ப்புக்கு எஸ்டிமேட் போடுபவன் வியாபாரி. நம்பர் வழியைக் காட்டுமே தவிர, வைத்தியம் பார்க்காது. வைத்தியத்துக்கு நம்மூர் மெக்கானிக்கின் மூளைதான் வேண்டும்.

இன்னொன்று. ஸ்கேனரில் 'கிளியர்' அமுக்கினால் நம்பரும் போகும், அந்த போட்டோவும் போகும். எழுதி வைக்காமல் யாரும் அழிக்க வேண்டாம். சென்டரில் அவர்கள் அழிப்பதற்கு முன்னால் பிரிண்ட் கேளுங்கள். சாட்சியை அழித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல நாம் விடக்கூடாது.

பூட்டு எங்கே இருக்கிறது?

பொதுவான விவரங்களைத்தான் வெளிக் கருவி படிக்கும். முக்கியமான பலதும் கம்பெனி ஸ்கேனருக்கு மட்டுமே திறக்கும். சைலன்சரில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம், மீதி நேரம் ஐட்லிங் என்றால் சூடு ஏறாது, கரி எரியாது, ஃபில்டர் அடைக்கும். எத்தனை கரி சேர்ந்திருக்கு என்று முன்கூட்டியே தெரிந்தால் பைபாஸில் ஒரு ஓட்டம் விட்டு எரித்துவிடலாம். ஆனால் பல வண்டிகளில் அந்தக் கணக்கு வெளிக் கருவிக்குக் காட்டாது. பெரிய 24 வோல்ட் லாரிகளின் பாஷையே வேறு. சின்னக் கருவியை அதில் மாட்டாதீர்கள், கருவியே போய்விடும். அதற்குரிய ஸ்கேனரின் விலை கிராமத்து ஒர்க் ஷாப்புக்கு எட்டாது.

அடுத்த குறி டிராக்டர்தான். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்துவிட்டது. அவற்றிலும் எலக்ட்ரானிக் பெட்டி உட்கார்ந்துவிட்டது. நாற்று நடும் நாளில் டிராக்டர் நின்றால் சென்டர்காரர் வரும்வரை மழை காத்திருக்குமா?

நாம் கேட்பது புதுசு அல்ல. ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2016-ல் மேல்முறையீட்டில் மூன்று கம்பெனிகளுக்கு அபராதம் குறைந்தது. ஆனால் செய்தது தவறு என்பது மாறவில்லை. காருக்குச் சொன்ன நியாயம் லோடு வண்டிக்கும் டிராக்டருக்கும் கிடையாதா?

2022 ஜூலையில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டது. விவசாயக் கருவிகளும் வண்டிகளும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். கட்டாயப்படுத்தும் சட்டம் எங்கே? அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கே தனிச் சட்டம் போட்டு, 2024 ஜனவரி முதல் அமலாக்கிவிட்டது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

"பூட்டைத் திறந்தால் புகைக் கருவியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்" என்று கம்பெனி சொல்லும். அப்படிச் செய்பவர்மேல் வழக்குப் போடட்டும், நாமே கூட நிற்போம். நாம் கேட்பது படிக்கிற உரிமை. கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் புகை குறையுமா, கூடுமா?

நம் கோரிக்கைகள்:

1. ஜாப் கார்டு போடும்போதே கோளாறு நம்பரையும் அதன் விவரத்தையும் எழுத்தில் கொடு! அழிப்பதற்கு முன் பிரிண்ட் கொடு!

2. மாற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடு!

3. சென்சார் கணக்கு முழுவதையும் வெளிக் கருவியில் படிக்கத் திறந்து விடு!

4. ஸ்கேனரையும் சர்வீஸ் புத்தகத்தையும் நியாயமான விலைக்கு வெளி மெக்கானிக்குகளுக்கு விற்பனை செய்!

5. அரசு ஐ.டி.ஐ.களிலும் வேளாண் பொறியியல் துறை மூலமும் கிராமத்து மெக்கானிக்குகளுக்குத் தமிழில் பயிற்சி கொடு!

மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த ஐந்தையும் மனுவாகக் கொடுப்போம். உங்கள் பில்லையும் ஜாப் கார்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சைத் தள்ளிவிடலாம், காகிதத்தைத் தள்ள முடியாது. கிளைக்கு ஒரு கருவி வாங்குவோம். படித்த பிள்ளைகள் முன்வந்து மெக்கானிக்கோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

காசு நம்முடையது! வண்டி நம்முடையது! கணக்கும் நம்முடையதே!

திரண்டு வாரீர்!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்