வண்டியும் வாயும்

எம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால் மூன்றாவது வாக்கியத்திலே கார் வந்துவிடுகின்றது. சூரிச்சில் நடைபெறும் திருமணமாக இருந்தாலென்ன, பேர்ணில் நடைபெறும் அந்தியேட்டிக் கிரியையாக இருந்தாலென்ன, மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்திலே ஆண்கள் கூட்டமொன்று நின்றுகொண்டிருக்கும். ஜேர்மன் வண்டியா, ஜப்பான் வண்டியா? டீசலா, பெற்றோலா, மின்சாரமா? எத்தனை குதிரைவலு? எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது? தாயகத்து அரசியலைக்கூட எம்மவர் இத்துணை நுட்பமாக விவாதித்து நாம் கண்டதில்லை.

ஆனால், அதே மனிதர் அந்த வண்டியை வாங்கிய இடத்திலே எவ்வாறு நின்றார் என்று விசாரித்தால் கதை வேறாக இருக்கின்றது. காட்டிய இடத்திலே கையொப்பமிட்டார். இரண்டாம் மாதம் பழுது வந்தபோது தமது பணத்தைக் கொடுத்துத் திருத்தினார். காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தபோது பெருமூச்சு விட்டார். ஏனென்று கேட்டால், "நாங்கள் அகதியாய் வந்தனாங்கள், அவையளோடை நியாயம் கதைக்க ஏலுமே?" என்று முடித்துவிடுகின்றார். வண்டியைப் பற்றி வாய் ஓயாத எம்மவர் தமக்காகப் பேசவேண்டிய இடத்திலே வாய்மூடி நிற்பது ஏன்? இவ்வாரம் இதுபற்றிச் சிந்திக்க விழைகின்றோம்.

எமக்குத் தெரிந்த கார்ப் பித்தர் ஒருவர் உளர். யாழ்ப்பாணத்திலே வாகனத் திருத்தகம் வைத்திருந்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையிலே நெடுங்காலம் பணியாற்றியவர். கார்கள் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் பல உண்டு. மண்டப வாசலிலே காட்டுவதற்காக வாங்கப்படும் வண்டி வண்டியே அன்று என்பார். பொனற்றைத் திறந்து உள்ளே இருப்பது இன்னதென்று அறியாதவன் வண்டிக்குச் சொந்தக்காரன் அல்லன், வண்டிதான் அவனுக்குச் சொந்தக்காரன் என்பார். அவருடைய மூன்றாவது கருத்தே எமக்கு மிகவும் பிடித்தது: "எஞ்சின் தனக்கு ஏதும் குறை வந்தால் உடனே சத்தம் போடுது. மனிசன் மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறான்?"

இக்கருத்து எங்கிருந்து வந்ததென்று அறிய யாழ்ப்பாணத்து வண்டிகளின் வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பிரித்தானிய வண்டிகள் 1940களின் இறுதியிலும் 1950களிலும் தயாராகத் தொடங்கியவை. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கை அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது புதிய வண்டிகள் அரிதாயின. இருந்தவற்றையே பேணிக் காக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. பிறந்த நாட்டிலே கைவிடப்பட்ட ஒஸ்ரின் வண்டிகள் எமது ஒழுங்கைகளிலே வாடகைக் கார்களாகத் தலைமுறைகளைக் கடந்து ஓடின. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைசல் பட்டறையிலே கடைந்தெடுத்தார்கள். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தினார்கள்.

பின்னர் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வடக்கே செல்லத் தடைவிதிக்கப்பட்டது. அப்போது எமது திருத்துநர்கள் அவ்வண்டிகளை மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதிலே உயிர் பெறாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவானபடியால் அத்தரங்குறைந்த எரிபொருளையும் அவை தாங்கின. புகை கக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் அவை நோயாளரை ஆஸ்பத்திரிக்கும், கர்ப்பிணிகளைப் பிரசவத்திற்கும் கொண்டு சென்றன. "இது ஓடாது" என்று உலகம் சொன்னபோது, "ஏன் ஓடாது?" என்று திருப்பிக் கேட்டவர்கள் எமது மக்கள். அந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தை நாம் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தோமா?

சுவிஸ் மக்கள் தமது கார்களுக்காக எவ்வாறு குரல் எழுப்பினார்கள் என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். காடுகள் அழிகின்றன என்ற அச்சத்தினால் 1985 ஜனவரி முதல் அதிவேக வீதியிலே வேக எல்லை மணிக்கு 130 கிலோமீற்றரிலிருந்து 120 ஆகவும், நகருக்கு வெளியேயுள்ள வீதிகளிலே 100இலிருந்து 80 ஆகவும் குறைக்கப்பட்டது. இதனால் சினங்கொண்ட கார்ப் பிரியர்கள் அவ்வாண்டிலேயே "ஓட்டோ பார்ட்டை", அதாவது கார்க் கட்சி, என்ற பெயரிலே ஓர் அரசியற் கட்சியையே தொடங்கிவிட்டார்கள். 200 உறுப்பினர் கொண்ட தேசிய சபையிலே 1987இல் 2 ஆசனங்களும், 1991இல் 8 ஆசனங்களும் அக்கட்சிக்குக் கிடைத்தன. பழைய வேக எல்லையை மீட்கக் கோரிய மக்கள் முன்மொழிவு 1989 நவம்பர் 26ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்து, ஏறத்தாழ 62 வீத வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. 1994இல் சுதந்திரக் கட்சி எனப் பெயர் மாற்றிக்கொண்ட அக்கட்சி, 1999 தேர்தலிலே தேசிய சபை ஆசனங்கள் அனைத்தையும் இழந்தது.

இக்கட்சி எமக்கு நண்பனாக இருந்ததில்லை. தஞ்சம் கோரி வந்தோர் விடயத்திலும் அது கடும்போக்கையே கொண்டிருந்தது. அக்காலத்திலே இங்கு வந்திறங்கியவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகளின் கசப்பு நினைவிருக்கும். அதன் கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அதன் வழிமுறையிலே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. தமக்குக் குறை நேர்ந்தது என்று கருதியவர்கள் வீட்டிலிருந்து பெருமூச்சு விடவில்லை. கையொப்பம் திரட்டினார்கள், எழுதினார்கள், வாக்கெடுப்புக்குச் சென்றார்கள், தோற்றபோது 120இலேயே ஓட்டினார்கள். அதற்காக எவரும் அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லவில்லை. குறையைச் சொல்வது இந்நாட்டிலே மரியாதைக் குறைவு அன்று; அது இந்நாட்டின் வழக்கம்.

வாக்குரிமை இல்லாதோருக்கு இதிலே என்ன பங்கு என்று கேட்கலாம். சுவிஸ் அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். அரசாங்க அமைப்புகளுக்கு மனுச் செய்யும் உரிமை அங்கே "ஒவ்வொருவருக்கும்" கொடுக்கப்பட்டுள்ளது. சுவிஸ் பிரசைக்கு மட்டும் அன்று. மனுச் செய்தமைக்காக எவருக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளது.

இனி நாளாந்த வாழ்வுக்கு வருவோம். நாம் வாய் திறக்கவேண்டிய இடங்கள் சில உள.

முதலாவது, சாரதி அனுமதிப்பத்திரம். இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் இங்கு வதிவோர் 12 மாதத்திற்குள் அதனைச் சுவிஸ் அனுமதிப்பத்திரமாக மாற்றிக்கொள்ளவேண்டும். அதற்காக ஓட்டிக் காட்டும் சோதனையொன்று உண்டு. அதிலே தவறினால் மறுமுறை இல்லை. புதிதாகப் பழகுநராகவே தொடங்கவேண்டும். "ஊரிலே லொறி ஓட்டினவன் நான்" என்று நேரே போய் நிற்காமல், முன்கூட்டியே ஓட்டுநர் ஆசிரியரிடம் சில மணிநேரம் பழகிக்கொள்வது நன்று. தமது உரிமைக்காக நிற்பதென்றால் முதலில் ஆயத்தமாக நிற்கவேண்டும்.

இரண்டாவது, பழைய வண்டி வாங்குதல். வண்டி அரச பரிசோதனையிலே, அதாவது எம்.எவ்.கா.விலே, தேறியது என்பது வீதிப் பாதுகாப்புக்கும் புகை அளவுக்குமான சான்றேயன்றி, எஞ்சின் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கான உறுதிமொழி அன்று. வாகனப் பதிவுப் பத்திரத்திலே 178 என்ற இலக்கம் இடப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால் உரிமையாளர் மாற்றம் தடுக்கப்பட்டுள்ளது என்று பொருள். பெரும்பாலும் அது இன்னும் லீசிங் நிறுவனத்திற்குச் சொந்தமான வண்டியாகவே இருக்கும். உத்தரவாதம் இல்லை என்று ஒப்பந்தத்திலே எழுதுவதற்கு விற்பவருக்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே கையொப்பத்திற்கு முன்னரே அவ்வரியைத் தேடுங்கள். விளங்காவிடில் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஆனால் விற்பவர் குறையை அறிந்துகொண்டே வஞ்சகமாக மறைத்திருந்தால் அந்த வரி செல்லுபடியாகாது. குறை கண்டால் தாமதமின்றி எழுத்திலே, பதிவுத் தபாலிலே அறிவிக்கவேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று இரண்டு மாதம் பொறுத்திருப்பதை நாம் பொறுமை என்கின்றோம். சட்டமோ அதனை நீங்கள் குறையை ஏற்றுக்கொண்டதாகக் கொள்கின்றது.

மூன்றாவது, காப்புறுதி. 1995ஆம் ஆண்டின் இறுதிவரை மோட்டார் வாகனப் பொறுப்புக் காப்புறுதிக்கு நாடு முழுவதும் ஒரே கட்டண முறை இருந்தது. 1996 முதல் நிறுவனங்கள் தாமே கட்டணத்தை வகுக்கின்றன. வயது, வசிப்பிடம், வண்டியின் வகை ஆகியவற்றுடன் நாட்டினத்தையும் கணக்கிற் கொள்ளும் நிறுவனங்கள் உள. புள்ளிவிபரம் அவ்வாறு கூறுகின்றது என்பது அவர்களின் வாதம். இருபது ஆண்டுகள் ஒரு கீறலுமின்றி ஓட்டிய தாதி ஒருவர், தம் கடவுச்சீட்டின் நிறத்திற்காக அதிகம் கட்டுவது நீதியன்று என்பது எமது கருத்து. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறுபடுவதால், மூன்று நான்கு இடங்களிலே விலை கேட்பவர் பயன் பெறுவார். குடியுரிமை பெற்றவர்கள் அதனைத் தமது நிறுவனத்திற்கு அறிவித்து மறுகணக்குக் கேட்கவேண்டும். 2022 ஜனவரியிலே நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, புதிய காப்புறுதி ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் மீளப்பெறலாம். நீண்டகால ஒப்பந்தமாயினும் மூன்றாம் ஆண்டின் முடிவிலே விலகலாம்.

நான்காவது, தண்டனை ஆணை. வீதிக் குற்றத்திற்காக அரச வழக்குத் தொடுநரிடமிருந்து ஆணை வந்தால், அதனை மறுத்துரைக்க 10 நாட்களே உண்டு. மறுப்பு எழுத்திலே இருக்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் காரணம் கூறவேண்டிய கட்டாயமில்லை. பதிவுத் தபாலை எடுக்காமல் விட்டால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். அத்தகைய ஆணையை எதிர்பார்க்கவேண்டிய நிலையிலிருந்தவர் தபாலை எடுக்காவிடினும், ஏழாம் நாள் அது கையளிக்கப்பட்டதாகவே கருதப்படும். மறுத்துத் தோற்றால் செலவு கூடும் என்பதையும் மறத்தலாகாது. நியாயம் உம் பக்கம் இருந்தால் எழுதும். இல்லையேல் கட்டிவிட்டு ஆறுதலாக ஓட்டும்.

இவ்விடத்திலே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. காலால் மிதித்து உறுமச் செய்வது தன்மானம் அன்று. 50 கிலோமீற்றர் எல்லையுள்ள ஊர்மனையிலே 100இல் ஓடுவதைச் சுவிஸ் சட்டம் 2013 முதல் பாரிய குற்றமாகக் கொள்கின்றது. ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறைத்தண்டனை அதற்குண்டு. முன்குற்றம் இல்லாதவருக்குக் குறைந்த தண்டனை வழங்க 2023 முதல் நீதிமன்றத்திற்கு இடமிருப்பினும், சுவிஸ் பிரசையல்லாதவரின் வதிவிட அனுமதியையும் அது அசைத்துவிடக்கூடும். வீதியிலே சத்தம் எழுப்பி அலுவலகத்திலே மௌனம் காப்பவனைவிட, வீதியிலே அடங்கி அலுவலகத்திலே தெளிவாகப் பேசுபவனே தலைநிமிர்ந்தவன்.

"இந்நாடு எம்மை ஏற்றதே பெரிது, இதிலே உரிமை வேறா?" என்ற தயக்கத்தை நாம் நன்கறிவோம். தஞ்சம் தந்த நாட்டுக்கு நன்றி உடையவர்களாக இருத்தல் எமது பண்பு. ஆனால் வண்டி விற்பவர் எமக்குத் தஞ்சம் தரவில்லை. அவர் எமது பணத்தை வாங்கினார். கடமைச் சட்டத்தின் ஏடுகளிலே "வாங்குபவர்" என்ற சொல்லே உள்ளது. அவர் எந்நாட்டவர் என்று அது கேட்பதில்லை. நன்றியை நாட்டுக்குச் செலுத்துவோம். கேள்வியை விற்பனையாளரிடம் கேட்போம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே எமது உழைப்பு வீணாகின்றது.

மொழி தடையென்பது உண்மையே. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர். அப்பிள்ளை சொற்களை மட்டும் மொழிபெயர்ப்பதில்லை. தந்தை கூனி நிற்கின்றாரா, நிமிர்ந்து நிற்கின்றாரா என்பதையும் பார்த்துக்கொண்டு நிற்கின்றது. அடுத்த முறை அத்தகைய இடத்திற்குச் செல்லும்போது, இயலுமானால் பிள்ளைக்குப் பதிலாக மொழி அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கேட்கவேண்டியவற்றை முன்னிரவே தமிழிலே எழுதிக்கொள்ளுங்கள். பெற்ற பதிலையும், திகதியையும், பேசியவரின் பெயரையும் குறித்து ஒரு கோப்பிலே இடுங்கள். எமது கார்ப் பித்த நண்பரின் அலுமாரியிலே அத்தகைய கோப்பொன்று உண்டு. அவருடைய வண்டியோ பதினேழு ஆண்டு பழையது; இன்றும் முதல் திருப்பிலேயே உயிர் பெறுகின்றது.